ஷூ கம்பெனிக்கு எதுக்கு சார் சைக்காலஜி?

குடியாத்தத்திலிருந்து வந்து போன சாருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் மகள் பாப்பாவும், அவள் மேற்கொண்டு இண்டஸ்ட்ரியல் சைக்காலஜி படிக்கலாமா என்று ஆலோசனை கேட்டு, காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் என் மாடி ஆபீசுக்கு வந்தபோது, வெளியே பெஞ்சில் இன்னும் மூன்று குடும்பங்கள் காத்திருந்தன. அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதிவிடுகிறேன், பாப்பாவும் சேர்ந்து படிக்கட்டும்.

உட்கார்ந்ததுமே கேட்டீர்கள்: "சைக்காலஜின்னா பாகாயத்துலதானே சார் வேலை?" நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருப்பதால், வேலூரைப் பொறுத்தவரை சைக்காலஜிக்கு அதுதான் விலாசம். பாப்பா கேட்கும் படிப்பு வேறு. சிகிச்சை தருகிற கிளினிக்கல் சைக்காலஜிக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். அதற்கென்று தனிப் படிப்பும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் உண்டு. இண்டஸ்ட்ரியல் சைக்காலஜி, அதாவது தொழில் மற்றும் நிறுவன உளவியல், வேலை நடக்கிற இடத்தைப் படிப்பது. எந்த வேலைக்கு எந்த ஆள், வந்த ஆளை எப்படிப் பழக்குவது, பழகிய ஆள் ஏன் நின்றுவிடுகிறார், ஒரே மெஷினில் ஒரே சம்பளத்தில் ஒரு லைன் ஓடுகிறது, பக்கத்து லைன் ஏன் படுத்துவிடுகிறது என்பதெல்லாம் அதில் வரும்.

"அது சரி, ஷூ கம்பெனிக்கு எதுக்கு சார் சைக்காலஜி?" என்றீர்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம், இப்போது ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் குளோசிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். நீங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள். ஆனால் பதிலைச் சற்று முன்புதான் நீங்களே சொல்லியிருந்தீர்கள். உங்கள் அண்ணன் மகன், ஜோலார்பேட்டைப் பையன், ரயில்வே அசிஸ்டென்ட் லோகோ பைலட் தேர்வில் எழுத்துத் தேர்வு இரண்டையும் தாண்டிவிட்டு, "கம்ப்யூட்டர்ல ஏதோ வெளையாட்டு மாதிரி ஒரு டெஸ்ட்டு, அதுல போயிட்டான்" என்று வருத்தப்பட்டீர்களே, அது இந்தத் துறையின் வேலைதான். ஞாபகம், சொன்னதைப் பின்பற்றுவது, தூரம் ஆழம் கணிப்பது, கவனம், பார்வையின் வேகம் என்று ஐந்து சோதனைகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர், அதாவது மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போடும் மதிப்பெண், வேண்டும். நான்கில் அள்ளிக் குவித்துவிட்டு ஐந்தாவதில் 41 என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதையெல்லாம் கவனிக்க லக்னோவில் ஆர்.டி.எஸ்.ஓ. என்ற ரயில்வே ஆராய்ச்சி அமைப்பில் உளவியலுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கைப் பார்த்த பிறகும் கை தாமதிக்கிற ஆளிடம் ஆயிரம் பயணிகளை ஒப்படைக்க முடியாது இல்லையா? இந்த யோசனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. ஹார்வர்டில் வேலை பார்த்த ஜெர்மானியர் ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்க் டிராம் ஓட்டுநர்களை எப்படிப் பொறுக்குவது என்று சோதித்துப் பார்த்து, 1913இல் ஆங்கிலத்தில் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். அமெரிக்க டிராமில் ஏறிய அந்த யோசனைதான் இங்கே வந்து உங்கள் அண்ணன் மகனை மடக்கியிருக்கிறது.

அப்புறம் என் மேசையில் இருந்த பலகை. அதன் பெயர் பர்டியூ பெக்போர்டு. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜோசப் டிஃபின் என்ற தொழில் உளவியலாளர் 1948இல் கொண்டுவந்தது. நடுவே இரண்டு வரிசைத் துளை, வரிசைக்கு 25. மேலே கிண்ணங்களில் சின்னச் சின்ன உலோகப் பின். முப்பது வினாடியில் ஒரு கையால் எத்தனை சொருகுகிறோம் என்பதுதான் கணக்கு. பாப்பா போனில் நேரம் பார்த்தாள். நீங்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு 17 சொருகினீர்கள். மெஷினில் உட்கார்ந்து பழகிய கை, சும்மாவா. "இதை வெச்சு ஆள் எடுத்தா என் லைன்ல பாதித் தலைவலி தீந்துடும் சார்" என்றீர்கள். அதுவரை வாயே திறக்காத பாப்பா அப்போது கேட்டாள்: "தீருமான்னு எப்படிப்பா தெரியும்?"

எனக்கு அந்த இடத்தில்தான் இந்தப் பெண் இந்தப் படிப்புக்குச் சரியாக வருவாள் என்று தோன்றியது. படிப்பே அந்தக் கேள்விதான் சார். புதிதாகச் சேரும் அறுபது பேருக்கு இந்தப் பலகையைக் கொடுத்து மதிப்பெண்ணை எழுதி வைக்க வேண்டும். யாருக்கும் காட்டக் கூடாது, முக்கியமாக சூப்பர்வைசருக்கு. காட்டினால் 17 வாங்கிய பெண்ணை முதல் நாளிலிருந்தே கெட்டிக்காரி என்று பார்ப்பீர்கள், 11 வாங்கியவளை அதட்டுவீர்கள். கணக்கு அங்கேயே கெட்டுவிடும். மூன்று மாதம் கழித்து, யார் மணிக்கு எத்தனை ஜோடி தைத்தார், எத்தனை திரும்பி வந்தது என்ற லைன் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் பலகை உண்மை பேசுகிறது. சம்பந்தமே இல்லாமல் போனால் அது வெறும் விளையாட்டுச் சாமான், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும். இதற்கு ஏற்புடைமை என்று பெயர். அறுபது பேர் போதுமா, மூன்று மாதம் போதுமா, பாதியில் நின்றவர்களை என்ன செய்வது என்று கேள்வி மேல் கேள்வி வரும். இண்டர்வியூவுக்கும் இதே உரைகல்தான். எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் இண்டர்வியூ, "ஊர் எது, அப்பா என்ன பண்றார்" என்று வாய்க்கு வந்தபடி கேட்பதைவிட ஆளை நன்றாகக் கணிக்கும் என்பது இந்தத் துறை மறுபடி மறுபடி பார்த்துச் சொன்ன விஷயம். மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் சோதனையை இணையத்தில் எடுத்து, அதை நம்பி ஆள் எடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அதைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன்.

இப்போது கசப்பான சமாச்சாரம். பாப்பாவின் மார்க் ஷீட்டைப் பார்த்தேன். சமூக உளவியலில் 81. புள்ளியியலில் 58. கணக்குக்குப் பயந்து சைக்காலஜிக்கு வருகிறவர்கள் நிறைய. கணக்கு இங்கேயும் வாசலில் காத்திருக்கும். தொழில் உளவியல் படித்தவரை வேலைக்கு வைப்பதே அளக்கத் தெரியும் என்பதற்காகத்தான். நன்றாகப் பேசுவார், மனிதர்களைப் புரிந்துகொள்வார் என்பதற்காக என்றால் அந்த வேலைக்கு எம்.பி.ஏ. படித்தவரும் சமூகப்பணி படித்தவரும் வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே பாப்பா இந்த ஆறு மாதத்தில் புள்ளியியலைத் திரும்ப உட்கார்ந்து படிக்க வேண்டும். ஜமோவி என்று ஒரு மென்பொருள், காசில்லாமல் கிடைக்கும், வீட்டு லேப்டாப்பில் ஓடும். அதில் கை பழகியும் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் வெளிப்படையாகச் சொல்லட்டும். நாமே எம்.பி.ஏ. பக்கம் போய்விடலாம், அதில் ஒன்றும் அவமானம் இல்லை.

கணக்கு மட்டும் போதுமா என்றால் போதாது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவி ஒரு ஷூ தொழிற்சாலையில் புராஜெக்ட் செய்தாள். பெயர் வேண்டாம். புதிதாகச் சேரும் பெண்கள் இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பது அங்கே குறை. "கல்யாணம் ஆகிப் போயிடுறாங்கம்மா, நாம என்ன பண்றது" என்றார் மேனேஜர். அவள் நின்றுபோனவர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, ஊர்வாரியாக எழுதிப் பார்த்தாள். பாதிக்கு மேல் ஒரே பஸ் ரூட். நான்கு வீடுகளுக்கு நேரில் போய்க் கேட்டாள். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு திரும்பிவிடுகிறது. ஓவர்டைம் நாளில் அங்கிருந்து ஊருக்குள் இருட்டில் நடக்க வேண்டும். வழியில் சாராயம் குடிக்கிற கூட்டம். அந்த நால்வரில் ஒருத்திக்கும் கல்யாணம் ஆகவில்லை. பஸ் ஊர்க் கோயில் வரை போக ஆரம்பித்ததா என்று கேட்பீர்கள். ஆரம்பித்தது, ஆனால் மேனேஜர் மாறிய பிறகுதான். இந்த வேலையில் கண்டுபிடிப்பது ஒரு பாடு, கேட்க வைப்பது வேறு பாடு.

எங்கே படிப்பது? பட்டத்தின் மேல் 'இண்டஸ்ட்ரியல்' என்ற பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். பொது உளவியல் அல்லது பயன்பாட்டு உளவியல் எம்.எஸ்சி. போதும், நிறுவன உளவியல் தாள் இருக்கிறதா, தொழிற்சாலையிலோ கம்பெனியிலோ புராஜெக்ட் செய்ய விடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். என் சிபாரிசு புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகமும் திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும். இரண்டுக்கும் கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: 75 கேள்வி, சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 கழிவு. விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும், தேர்வு மார்ச்சில். கார்த்திகை தீபம் முடிந்ததும் வலைத்தளத்தைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். போன வருடம் ஒரு பையன் "இன்னும் டைம் இருக்கு சார்" என்று சொல்லிச் சொல்லியே தேதியைக் கோட்டை விட்டான். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகமும் நல்ல மாற்று. "பொண்ணை ரெண்டு வருஷம் வெளியூர்ல விடணுமா" என்று அம்மா யோசிப்பதாகச் சொன்னீர்கள். புதுச்சேரி ஒன்றும் கடல் தாண்டி இல்லை; திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகப் போனால் அரை நாள்கூட ஆகாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன தபால் வழிப் படிப்பு இப்போது கிடையாது. முன்பு இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. சைக்காலஜியில் இரண்டாம் வருடம் இந்தப் பிரிவையே எடுத்துப் படிக்கலாம், நானே பலரைச் சேர்த்திருக்கிறேன். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. இன்னமும் "சீட் இருக்கு, பணம் கட்டுங்க" என்று எவராவது போன் செய்தால் கட்டாதீர்கள்.

வேலையைப் பற்றி. தமிழ்நாட்டில் 'தொழில் உளவியலாளர் தேவை' என்று விளம்பரம் வந்து நான் பார்த்ததே இல்லை. டேலன்ட் அசெஸ்மென்ட் (ஆளின் திறனை மதிப்பிடுவது), பீப்பிள் அனலிட்டிக்ஸ் (பணியாளர் கணக்கை அலசுவது), லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட் (பயிற்சி தருவது) என்று வேறு பெயர்களில்தான் வேலை ஒளிந்திருக்கும், பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும். முதல் வேலை அனேகமாக எச்.ஆர். எக்ஸிகியூட்டிவ், சாதாரணக் கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்த பையனின் சம்பளத்தைவிட அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வித்தியாசம் மூன்று நான்கு வருடம் கழித்துத் தெரியும், அதுவும் அளக்கத் தெரிந்தால். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. வாரியங்களில் உளவியலாளர் இருக்கிறார், அதற்கு டி.ஆர்.டி.ஓ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் உளவியல் ஆராய்ச்சி நிறுவனம் டெல்லியில் இருக்கிறது. இடங்கள் குறைவு, கனவாக வைத்துக்கொள்ளலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் ஆகலாம்.

உங்கள் கம்பெனி வெல்ஃபேர் ஆபீசர் நாற்காலி வேறு கதை. 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் கட்டாயம் என்றது பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு. அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதை 250 என்று இறக்கியது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் சமூகப்பணி, தொழிலாளர் மேலாண்மை படித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். அந்த நாற்காலிதான் வேண்டும் என்றால் சைக்காலஜியை விட்டுவிட்டு அந்தப் படிப்புக்கே போவது நல்லது.

வீட்டை அடமானம் வைத்து அமெரிக்கா அனுப்பலாமா என்று கடைசியாகக் கேட்டீர்கள். அங்கே இந்தப் படிப்புக்குத் தனித் துறையே உண்டு, 2022 ஜனவரியில் ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, பொறியியல், கணிதப் படிப்புகளின் பட்டியலிலும் சேர்த்தார்கள். படித்த பிறகு வேலைப் பயிற்சிக்குக் கிடைக்கும் 12 மாதத்தோடு இன்னும் 24 மாதம் கேட்கலாம் என்பது அதன் பலன். ஆனாலும் இப்போது வேண்டாம். விசா விதி ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை. ஒரே வீடு சார். இங்கே முடித்து இரண்டு வருடம் வேலை பார்க்கட்டும், போக வேண்டும் என்று தோன்றினால் அவளே பணம் சேர்த்துக்கொண்டு போவாள்.

ஒரு உதவி கேட்கிறேன். பொங்கல் லீவில் பாப்பாவை உங்கள் லைனில் ஒரு வாரம் நிற்க வையுங்கள். எச்.ஆரிடம் நீங்களே பேசுங்கள், நான் கடிதம் தருகிறேன். தொழிலாளர் பெயர் எதையும் குறிக்கக் கூடாது. எத்தனை ஜோடி தைக்கிறார்கள் என்று காலை எட்டரைக்கு ஒரு மணிநேரக் கணக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணிநேரக் கணக்கு, ஒரு நோட்டில் எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பதில் சொல்லிக் கொடுக்காதீர்கள். நோட்டோடு ஜனவரி கடைசி ஞாயிறு வாருங்கள், அன்று வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.

இன்னொன்று, என் பலகையில் ஒரு பின் குறைகிறது. அன்று போட்டிருந்த சட்டைப் பையில் இருக்கிறதா என்று பாருங்கள்.