கணக்குக் கேட்டதற்காக உறுப்பினரை நீக்க முடியுமா?

கேள்வி: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு நலச் சங்கத்தில் பதினோரு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். கணக்குகளைச் சரிபார்க்க உதவியபோது, கட்டட நிதிச் செலவில் ஒரே கடையின் 41, 42, 43 என்ற எண்களில் மூன்று பில்களைப் பார்த்தேன். தேதிகளோ ஜனவரி, மார்ச், ஜூன். செயலாளருக்குக் கடிதம் எழுதினேன். பதில் வராததால் உறுப்பினர்களின் வாட்ஸ்அப் குழுவில் பில்களின் படங்களைப் போட்டு, 'இது பகல் கொள்ளை' என்றும் எழுதினேன். ஒன்பதாம் நாள், 'சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததால் நீக்கப்படுகிறீர்கள்' என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. நீக்கிய செயற்குழுக் கூட்டத்தில் அதே செயலாளரும் உட்கார்ந்திருந்தார். விரைவில் தேர்தல். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் எனக்கு உதவுமா?

பதில்: உதவாது. 2014ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பொது ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது. அதுவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதோடு சரி, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கம்பெனிச் சட்டத்தில் உள்ள புகார் ஏற்பாடு கம்பெனிகளுக்கு. தனியார் சங்கத்தில் தவறைச் சுட்டிக்காட்டியவரைப் பழிவாங்கினால் அதற்கென்று தனியாக ஒரு சட்டம் இல்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

மூன்று பில்களையும் கொஞ்ச நாளைக்கு மேஜை அறையில் வைத்துப் பூட்டுங்கள். துணை விதிகளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அதைப் படித்ததே இல்லை. கைவசம் இல்லையென்றால் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் வாங்கலாம். உறுப்பினரை நீக்கும் அதிகாரம் யாருக்கு, செயற்குழுவுக்கா பொதுக்குழுவுக்கா? எத்தனை நாள் முன்னறிவிப்பு? எத்தனை பேர் வாக்களிக்க வேண்டும்? பொதுக்குழுவில் மேல்முறையீடு உண்டா? இந்த நான்குக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னது உண்மையா என்று நீதிமன்றம் முதலில் கேட்காது. சங்கம் தன் விதிப்படி நடந்ததா என்றுதான் கேட்கும்.

டி.பி. தேவர் எதிர் லாட்ஜ் விக்டோரியா (ஃப்ரீமேசன் என்ற சங்கத்தின் ஒரு கிளை) என்ற 1963ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் வகுத்துச் சொன்னது: நீக்கும் அதிகாரத்தைச் சங்கம் விதிகளுக்கு உட்பட்டு, நல்லெண்ணத்தோடு, இயற்கை நீதிக் கோட்பாட்டின்படி (குற்றச்சாட்டைச் சொல்லி, பதிலைக் கேட்டு, நடுநிலையாக முடிவெடுத்து) பயன்படுத்த வேண்டும். அந்த வழக்கில் நீக்கப்பட்டவர் தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முறையாக விசாரித்து நீக்கிவிட்டால், முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் மேல்முறையீடு போல ஆராயாது.

உங்கள் கதை வேறு. விளக்கம் கேட்டு நோட்டீஸ் இல்லை. எந்த வாசகத்துக்காகக் குற்றம் சாட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை. செயலாளர் கூட்டத்தில் இருந்ததையும் எழுப்பலாம், ஆனால் அளவோடு. சிறிய சங்கத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்; 'அவர்கள் எனக்கு வேண்டாதவர்கள்' என்று பொதுவாகச் சொன்னால் எடுபடாது. புகாருக்கு ஆளானவரே தன்னைப் பற்றிய புகார்க்காரரை நீக்க வாக்களித்தார் என்று நிகழ்ச்சிக் குறிப்பைக் காட்டிச் சொன்னால் எடுபடும். கடிதம், மௌனம், வாட்ஸ்அப் பதிவு, ஒன்பதாம் நாள் நீக்கம்: பழிவாங்கல் என்பதைத் தேதிகளே சொல்லட்டும். நீங்கள் உரிச்சொல் சேர்க்க வேண்டாம்.

விதிகளில் மேல்முறையீடு இருந்தால் உடனே, ஒப்புகையுடன், தபாலில் அனுப்புங்கள். இல்லையென்றால் நேராக உரிமையியல் நீதிமன்றம். நீக்கம் செல்லாது என்ற விளம்புகையும் (நீதிமன்றத்தின் அறிவிப்பு), உறுப்பினர் உரிமையைத் தடுக்கக் கூடாது என்ற உறுத்துக்கட்டளையும் (தடை உத்தரவு) சேர்த்தே கேட்க வேண்டும். விளம்புகையை மட்டும் கேட்டுவிட்டு மற்றதை விட்டால், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 34ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். காலவரம்பு மூன்று ஆண்டுகள். ஆனால் இடைக்கால உத்தரவு கேட்பவர் மூன்று மாதம் சும்மா இருந்தாலே நீதிபதி புருவத்தை உயர்த்துவார். தேர்தலையே நிறுத்தக் கேட்காதீர்கள். நடக்கத் தொடங்கிய தேர்தலை நிறுத்த நீதிமன்றங்கள் எளிதில் முன்வருவதில்லை. உங்கள் பெயரைப் பட்டியலில் சேர்த்து வாக்களிக்க அனுமதிக்கக் கேளுங்கள்.

பில்கள்? அது தனி வழி. சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவில், சங்கத்தின் செயல்பாட்டையும் நிதிநிலையையும் பதிவாளர் விசாரிக்கலாம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களோ, செயற்குழுவின் பெரும்பான்மையினரோ விண்ணப்பிக்கலாம். பதிவாளர் தாமாகவும் தொடங்கலாம். தனி ஆளாக மனு கொடுத்தால் தாமாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டதாகத்தான் ஆகும். மூன்றில் ஒரு பங்குக் கையெழுத்துடன் போனால் மனுவின் எடையே வேறு. நீங்கள் உறுப்பினரா இல்லையா என்ற தகராறை அவர் இறுதியாகத் தீர்க்க முடியாது, அதற்கு நீதிமன்றம்தான். காவல் நிலையத்துக்கு இப்போதே ஓட வேண்டாம். பதிவாளரின் விசாரணை அறிக்கை கையில் இருந்தால் நம்பிக்கை மோசடிப் புகாருக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. வாட்ஸ்அப்பில் எழுதிய 'பகல் கொள்ளை' உங்கள் வழக்கின் பலவீனமான இடம். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகாருக்கு அவதூறுச் சட்டத்திலேயே விதிவிலக்கு உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் சூட்டிய பட்டத்துக்கு அந்தக் குடை முழுதாக விரியாது. அந்தப் பதிவை அழிக்காதீர்கள், மேலும் ஒரு சொல்லும் எழுதாதீர்கள், செல்போனை மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்க பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும்.

ஆண்டுச் சந்தாவை மறக்காமல் காசோலையாக அனுப்புங்கள். பாக்கி விழுந்தால் நீக்க இன்னொரு காரணத்தை நீங்களே கொடுத்ததாகிவிடும். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் உறையைப் பிரிக்காமல் என்னைப் போன்ற ஒருவரிடம் கொண்டுவாருங்கள்.