சின்னமுத்து: வைரஸ் எங்கிருந்து வந்தது?

சின்னமுத்து (தட்டம்மை) பரவல் பற்றிக் கொழும்பு உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, வைரஸ் ஆய்வுகூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நம் உறுப்பினர் பதில் தருகிறார்.

கொட்டாஞ்சேனை உறுப்பினர்: ஐயா, சின்னமுத்தை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. 2023இல் மீண்டும் பரவியதே, சான்று பொய்யா?

பொய்யில்லை. நாட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த தொடர் அறுந்தது என்பதற்கே அந்தச் சான்று. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கும் வைரஸை அது தடுக்காது. வந்தது ஒரே தொடராகப் 12 மாதங்களோ அதற்கு மேலோ நீடித்தால்தான் சான்றுக்குச் சிக்கல். ஒரே தொடரா, வெவ்வேறு வருகைகளா என்று பிரித்தறியவே மரபணு வகையைப் பார்க்கிறோம்.

வெள்ளவத்தை மாணவர்: அப்படியானால் எந்த நாட்டு வைரஸ் என்று சொல்லிவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. வைரஸின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 16,000 எழுத்துகள். நாங்கள் வழக்கமாகப் படிப்பது அதில் ஒரு மரபணுவின் வால்பகுதியிலுள்ள 450 எழுத்துகளை. அங்கீகரிக்கப்பட்ட வகைகள் 24. முன்பு வகையின் பெயரே ஊரைக் காட்டிக்கொடுத்தது. இன்று உலகெங்கும் சுற்றுபவை பி3, டி8 என்ற இரண்டுதான். ஆகவே "டி8" என்று மட்டும் அறிக்கை வந்தால், திருடன் சட்டை போட்டிருந்தான் என்று பொலிஸில் முறையிட்டதுபோலத்தான்.

450 எழுத்துகளையும் உலகத் தரவுத்தளத்தில் ஒப்பிட வேண்டும். அச்சாக ஒத்த வரிசை அண்மையில் எங்கே பதிவானது? நோயாளி அங்கே போனாரா, அங்கிருந்து வந்தவரோடு பழகினாரா? இரண்டும் பொருந்தினால்தான் வழி துலங்கும். பல நாடுகள் வரிசைகளை ஒழுங்காக அனுப்புவதில்லை என்பதால் ஒப்பீடும் ஏமாற்றக்கூடும். மாதிரியோடு வரும் படிவத்தில் பயண விவரம் வெறுமையாக இருந்தால் எனக்குக் கோபம் வரும். தடிப்புக்கு முந்தைய 7 முதல் 21 நாட்களில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்க எந்த இயந்திரமும் வேண்டியதில்லையே!

மட்டக்குளித் தாய்: மகனின் ரத்தம் எடுத்த பிறகும் தொண்டையில் குச்சி விட்டார்களே, ஏன்?

ரத்தம் நோயை உறுதிப்படுத்தும். வகை தெரிய வைரஸே கையில் வேண்டும். தடிப்புத் தோன்றி 5 நாட்களுக்குள் எடுத்தால் நல்லது. தொண்டையின் பின்சுவரை உரசிய குச்சியின் நுனியைத் திரவக் குப்பிக்குள் முறித்துப் போட்டு, ஐஸ் பெட்டியில் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். வெயிலில் கிடந்தால் மாதிரி வீண்.

பம்பலப்பிட்டித் தாய்: 9 மாதத்தில் போடும் சின்னமுத்துத் தடுப்பூசி போட்டுப் பத்தாம் நாள் மகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும். ஊசியால் வந்ததா?

இருக்கலாம். ஊசியிலுள்ளது ஏ வகை. மகளின் மாதிரியில் அதுவே கிடைத்தால் ஊசியின் எதிர்விளைவு. மற்றவர்களுக்குத் தொற்றாது, தானே அடங்கும். டி8 அல்லது பி3 என்றால் ஊசி பலன்தருமுன் வெளியிலிருந்து தொற்றியிருக்கிறது.

மருதானை உறுப்பினர்: வகை தெரியும்வரை தடுப்பு வேலைகள் நிற்குமா?

நிற்கக் கூடாது! சந்தேகம் எழுந்தவுடனேயே சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். தடிப்புக்கு 4 நாட்கள் முன்பிருந்து 4 நாட்கள் பின்வரை நோயாளி தொற்றுவார். அவரோடு இருந்தவர்களில் ஊசி போடாதவருக்கு 72 மணி நேரத்துக்குள் போட்டால் தப்பிக்க வாய்ப்புண்டு. கர்ப்பிணிக்கு இந்த ஊசி கூடாது. சிறு குழந்தைக்கும் அவருக்கும் 6 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் (நோயை எதிர்க்கும் ஆயத்தப் புரதங்கள்) தருவதுபற்றி மருத்துவர் முடிவுசெய்வார். நோயாளி எழுந்துபோன அறையின் காற்றில் வைரஸ் 2 மணி நேரம்வரை இருக்கும். எனவே தடிப்புள்ள பிள்ளையைக் கிளினிக் வாங்கில் உட்காரவைக்காமல், முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கூட்டிச் செல்லுங்கள். 3 வயது ஊசி தவறிய பிள்ளைகள் வீட்டிலிருந்தால் மருத்துவிச்சியிடம் இன்றே சொல்லுங்கள்.