திட்டினால் கணக்கு மறப்பது ஏன்?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. ஏடிஹெச்டியும் (கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) பதற்றக் கோளாறும் இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். சமையலறையில் என்னோடு பேசிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டை மடமடவென்று ஒப்பிக்கிறாள். அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குரலைக் கொஞ்சம் உயர்த்தினாலே, கடன் வாங்கிக் கழிப்பதுகூட மறந்துபோகிறது. ஞாபகசக்திக்கு டானிக், மூளைப் பயிற்சி ஆப் ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம். வாய்ப்பாடு அவள் மனதில் பத்திரமாகத்தான் இருக்கிறது. தடுமாறுவது 'வொர்க்கிங் மெமரி', அதாவது செயல் நினைவு. ஒரு தகவலைச் சில நொடிகள் மனதில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்கிற திறன் அது.

52-லிருந்து 27-ஐக் கழிப்பதைப் பாருங்கள். 2-ல் 7 போகாது, கடன் வாங்கு, 5 இப்போது 4, இங்கே 12, அதில் 7 போனால் 5, அதை எழுது, மறுபடி அந்த 4-க்குப் போ. பெரியவர்களுக்கே ஒரு சமயத்தில் ஏறக்குறைய 4 விஷயங்கள்தான் மனதில் நிற்கும். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. ஏடிஹெச்டி உள்ள பலருக்கு (எல்லோருக்கும் அல்ல) இன்னும் குறைவு. அந்தக் கொஞ்ச இடத்தில் 'அப்பா திட்டப்போகிறார்' என்ற நினைப்பும் வந்து உட்கார்ந்தால், கடன் வாங்கிய எண் எங்கே நிற்கும்?

மூளைக்குள் நடப்பதும் இதற்குத் தோதாகவே இருக்கிறது. செயல் நினைவு பெரிதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியை நம்பியிருக்கிறது. மூளை ரசாயனங்களான டோபமைனும் நார்அட்ரினலினும் அளவாக இருந்தால் அது நன்றாக வேலை செய்யும். பயத்தில் இரண்டும் அதிகமாகச் சுரக்கும்போது அங்குள்ள நரம்பு இணைப்புகள் தளர்ந்துவிடுகின்றன என்று யேல் பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வாளர் ஏமி ஆர்ன்ஸ்டன் விளக்கியிருக்கிறார். "யோசி, நல்லா யோசி" என்று நெருக்க நெருக்க நிலைமை மோசமாவது இதனால்தான்.

பரிசு உண்டு என்றால் ஏடிஹெச்டி குழந்தைகள் மேலும் நன்றாகச் செய்வதும் உண்மை. உடனே, "அப்போ மட்டும் எப்படி முடியுது? எல்லாம் நடிப்பு" என்பார்கள் வீட்டில். நடிப்பு இல்லை; உற்சாகம் தருகிற கூடுதல் பலம் அது, எப்போதும் கைவசம் இருப்பதில்லை. மனச்சோர்வு உள்ள குழந்தைகளின் கதை வேறு. சோகமான எண்ணம் ஒன்று ஒட்டிக்கொண்டால் அதை விலக்கிவிட்டு வேலைக்குத் திரும்ப அவர்களுக்கு நேரமாகும். மெத்தனமாகத் தெரிவது அதனாலும் இருக்கலாம்.

ஆக, முதல் வேலை உங்கள் கணவருடையது. கொஞ்ச நாளைக்குக் கணக்கை நீங்களே பாருங்கள், அல்லது அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளட்டும். கண் கலங்கினால் அந்தக் கணக்கை மூடிவிட்டு, அவளுக்குச் சுலபமாக வருகிற ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். கடன் வாங்கிய எண்ணைத் தாளில் பெரிதாக எழுதப் பழக்குங்கள். வாய்ப்பாட்டு அட்டை பக்கத்தில் இருக்கட்டும், அது காப்பியடிப்பது ஆகாது. "பல் தேய், பாட்டில் எடு, ஷூ போடு" என்று ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். திடீரென்று கரும்பலகைக்குக் கூப்பிட வேண்டாம் என்று வகுப்பு ஆசிரியரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

ஆப்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த விளையாட்டில் மதிப்பெண் ஏறும். அது பள்ளிக் கணக்குக்குக் கைகொடுப்பதற்கு ஆதாரம் பலவீனம். பதற்றத்துக்குச் சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. அதைத்தான் மருத்துவரிடம் கேளுங்கள். ஏடிஹெச்டிக்கு மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். உளவியல் பரிசோதனை அன்று அவள் அழுதுகொண்டோ தூங்காமலோ வந்திருந்தால் பரிசோதிப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மதிப்பெண் குறைய அதுவே போதும்.

யாரும் அவசரப்படுத்தாத விடுமுறை நாளிலும் கழித்தல் வரவில்லை என்றால், கணிதக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.