எழுத்தாளராகும் ஆசை இருக்கிறது. ஆனால் ‘நமக்கெல்லாம் எழுத வருமா’ என்ற சந்தேகம் விடவில்லை. நம்பிக்கையும் நன்றியுணர்வும் குறையாமல் இருப்பது எப்படி?

எனக்கும் விடவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடமாக எழுதுகிறேன். அச்சில் வந்த கதைகள் ஏழு. சோறு போடுவது ஈரோட்டில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதும் வேலை. (நெய்கிற நூல்தான், படிக்கிற நூல் இல்லை.)

ஆகஸ்ட்டில் எங்கள் ஊரில் புத்தகத் திருவிழா நடக்கும். எல்லோரும் பை நிறைய வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்புவார்கள். நான் மூன்றாவது வரிசையைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடுவேன். இத்தனை பேர் எழுதியாயிற்று, இதில் நான் வேறு எதற்கு? யாரோ சொன்னார்களே என்று கண்ணாடி முன்னால் நின்று ‘நான் நல்ல எழுத்தாளன்’ என்று சொல்லிப் பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது.

கடைசியில் கைகொடுத்தது தொழில் பழக்கம். ஒரு நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. திரும்பி வந்த கதை, பதிலே வராத கதை எல்லாம் செலவில். என் எழுத்தை ஒருவர் நிஜமாகவே படித்தார் என்று தெரிந்தால் மட்டும் வரவு. ‘அருமை’, ‘சூப்பர்’ எல்லாம் ஏறாது. கல்யாண வீட்டில் ‘சாப்பாடு பிரமாதம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற மாதிரிதான் அது.

முதல் வரவு 2009-இல். பவர்லூம் ஓட்டுகிறவரைப் பற்றிய கதை. டிடிபி சென்டரில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனேன். டைப் அடிக்கிற அக்கா தாளைக் கையில் தரவில்லை.

“ஏனுங் தம்பி, தறி ஓடிட்டு இருக்கறப்ப எப்படிப் பாவு பிணைப்பாங்க? பாவு தீர்ந்து தறி நின்னாத்தானுங்க பிணைக்க முடியும்? எங்கப்பா தறி ஓட்டுனவருங்க.”

(பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். அது தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழையதோடு முடிச்சுப் போடுவதுதான் பிணைப்பது.) முகம் செத்துவிட்டது. நூல் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு பிழை! சைக்கிள் மிதித்து வீடு சேர்வதற்குள்தான் உறைத்தது: பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று அடித்துத் தள்ளுகிற ஒருவர், என் கதையில் தறி ஓடுகிறதா நிற்கிறதா என்று யோசித்திருக்கிறார்.

அன்று ராத்திரியே தறியை நிறுத்தினேன். அந்தக் கதையில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ள எனக்கு இடமே கிடைக்காமல் இருந்தது. தறிச் சத்தத்தில் யார் பேசினால் யாருக்குக் கேட்கும்? தறி நின்றதும் இருவரும் பேசிவிட்டார்கள். அச்சில் வந்த ஏழில் அதுவும் ஒன்று. இதழ் வந்ததும் ஒரு பிரதியை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார்.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவைப் பற்றி நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1959-இல் ‘எழுத்து’ என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார், புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். 1998-இல் காலமானார், சாகித்திய அகாதமி விருது வந்தது 2001-இல். இதை உற்சாகமூட்டும் கதையாகச் சொல்வார்கள். எனக்கு உற்சாகமா வருகிறது? பயம்தான் வருகிறது. விருதை நம்பி அந்தச் சுமையை யாரும் தூக்கியிருக்க முடியாது என்பது மட்டும் புரிகிறது. எங்கோ ஒரு வகுப்பறையில் ஒரு பையன் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கியிருப்பான் இல்லையா, அந்த நாளுக்கு அது வரவு. அப்படித்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

என் நோட்டில் இன்றைக்கும் செலவுப் பக்கம்தான் நீளம். வரவில் மொத்தம் இருபத்து மூன்று வரி. சோர்வாக இருக்கிற ராத்திரிகளில் அதை எடுத்து, யார், எந்த ஊர், எந்த வரியைப் பற்றிப் பேசினார் என்று படித்துப் பார்ப்பேன். சந்தேகம் போகாது. ஆனால் மறுநாள் விடிந்ததும் உட்கார்ந்துவிடுவேன்.

போன மாதம் ஓர் இதழுக்குக் கதை அனுப்பினேன், இன்னும் பதில் இல்லை. உங்களுக்கு இவ்வளவு சொன்னவன், இதை முடித்த கையோடு மெயிலைத் திறந்து பார்க்கத்தான் போகிறேன்.