ப்ரூஃபா, நம்பிக்கையா?

கேள்வி: கடவுள் இருக்காருன்னு யாராலயும் மறுக்க முடியாத ப்ரூஃப் ஒரு கையில, வெறும் நம்பிக்கை இன்னொரு கையில. ஒண்ணுதான் எடுக்கலாம்னா நீங்க எதை எடுப்பீங்க? மழுப்பாம சொல்லணும்.
(வாசகர் ஒருவர், மார்த்தாண்டம்)

பதில்: மழுப்பலீங்க, நம்பிக்கையைத்தான். நான் பெரிய பக்திமான்லாம் கெடையாது, வெள்ளிக்கிழமை கூட ஞாபகம் வந்தாதான் கோயிலு. ஆனா சாமிகிட்டயே ப்ரூஃப் கேட்ட ஒரு ஊரு நம்ம மாவட்டத்துலயே இருக்கே, சுசீந்திரம். திருவிதாங்கூர் ராஜா காலத்துல அங்க கைமுக்குன்னு ஒண்ணு நடந்துச்சு, தப்பு பண்ணதா சந்தேகப்பட்ட நம்பூதிரிய சாமி முன்னாடி கொண்டு வந்து கொதிக்குற நெய்க்குள்ள கைய விடச் சொல்லுவாங்க, கை வேகலன்னா நிரபராதி, வெந்தா குற்றவாளி, அதுக்கு மேல அப்பீல் கெடையாது ஏன்னா தீர்ப்பு சொன்னது சாமியாச்சே. யோசிச்சுப் பாருங்க, அதுல நிரூபணம் ஆனது என்ன? நெய் கொதிக்கும், தோல் வேகும், அவ்வளவுதான்! ஸ்வாதித் திருநாள் மகாராஜா (1829 முதல் 1846 வரை ஆண்டவர்) அத நிறுத்திட்டாரு. ப்ரூஃப் போயிடுச்சேன்னு யாராவது கோயிலுக்கு வராம இருந்தாங்களா? மார்கழித் தேருக்கு இப்பவும் நிக்க எடம் இருக்காது.

திருவிதாங்கோடு அரப்பள்ளிங்கற பழைய சர்ச்ச இயேசுவோட சீடர் தோமா கட்டுனதா ஐதீகம் உண்டு இல்லையா, அந்தத் தோமாதான் இயேசு உயிர்த்தெழுந்தத அவரு காயத்துல வெரல விட்டுப் பாக்காம நம்ப மாட்டேன்னு சொன்னவரு. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனா பாத்ததுக்கு அப்புறம் அது நம்பிக்கை இல்லையே, தகவலுதான? நாகர்கோவிலுக்கு ஆறு பத்துக்கு பஸ்ஸுன்னு போர்டுல போட்டிருக்குற மாதிரி. நம்ம மாவட்டத்து கத்தோலிக்க தியாகி தேவசகாயம் பிள்ளைக்கு 2022ல புனிதர் பட்டம் குடுத்தாங்கல்ல, அதுக்கு முன்னாடி அற்புதம் ஒண்ண டாக்டர்கள வச்சு செக் பண்ணித்தான் ஒத்துக்கிட்டாங்க, ஆனா டாக்டர் சொல்றது என்ன, மருத்துவத்துல இதுக்கு விளக்கம் இல்லன்னு. அதைத் தாண்டி அடுத்த அடிய வைக்கிறது நம்பிக்கைதான், ஸ்டெதஸ்கோப் அங்க வராது.

நாளைக்கே ப்ரூஃப் வந்துடுச்சுன்னு வைங்க, எனக்கு என்ன பயம்னா எல்லாரும் கும்பிடப் போவோம், ஆனா ஆபீசுல பஞ்ச் வைக்கிற மாதிரி.

போன மாசம் அதே சுசீந்திரத்துல பெரிய ஆஞ்சநேயர் முன்னாடி கியூவுல நின்னேன், வெண்ணெய் சாத்துறதுக்கு. வெயிலுக்கு இலையில இருந்தது உருகி முழங்கை வரைக்கும் வழியுது. எனக்கு முன்னாடி நின்ன பாட்டியம்மா பூசாரிகிட்ட மெதுவா சொல்றாங்க, "சாமி, காதுப்பக்கம் கொஞ்சம் கூடப் போடுங்க, போன தடவ சொன்னது கேக்கல போல."