கர்ப்ப காலத்தில் எவ்வளவு எடை கூடலாம்?

கேள்வி: வளைகாப்பு முடிந்து என் மகள் ஏழாம் மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். உயரம் 153 செ.மீ. கருத்தரித்தபோது 41 கிலோ இருந்தாள், இப்போது 45. குழந்தை பெருத்தால் ஆபரேஷன் ஆகிவிடும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு, இரவில் அரை வயிறுதான் சாப்பிடுகிறாள். மருமகளுக்கு நான்காம் மாதம். அவள் உயரம் 158 செ.மீ., கருத்தரித்தபோது 70 கிலோ. இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்று அவளுக்கு நெய்யும் இனிப்புமாகக் கொடுத்து வருகிறேன். இருவருக்கும் நான் செய்வது சரிதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இருவருக்குமே மாற்றிக்கொள்ள வேண்டியது இருக்கிறது, அம்மா. கர்ப்பத்தில் எத்தனை கிலோ கூடலாம் என்பது, கருத்தரிக்கும்போது அந்தப் பெண்ணின் எடை என்ன என்பதைப் பொறுத்தது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கின்படி உங்கள் மகளுக்கு 17.5, மருமகளுக்கு 28. அமெரிக்க மருத்துவக் கழகம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18.5-க்குக் கீழே உள்ளவர்கள் 12.5 முதல் 18 கிலோ வரையும், 25-க்கும் 30-க்கும் இடையே உள்ளவர்கள் 7 முதல் 11.5 கிலோ வரையும் கூடலாம். நம் நாட்டில் 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்று கொள்வதால், மருமகள் 7 கிலோவை ஒட்டி நிற்பதே நல்லது என்று அவருடைய மருத்துவர் சொல்லக்கூடும்.

மகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இந்நேரம் எட்டுக் கிலோவை ஒட்டிக் கூடியிருக்க வேண்டியவருக்கு நான்குதான் கூடியிருக்கிறது. அரை வயிறு சாப்பிடுவதால் பிரசவம் சுலபமாகிவிடாது. குழந்தை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் வாய்ப்புதான் கூடும். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு உடல் சூட்டைத் தக்கவைத்துக்கொள்வதும் சப்பிப் பால் குடிப்பதும் சிரமம். நோய்த்தொற்றும் எளிதில் பற்றும். இரவுச் சாப்பாட்டை இன்றே முழுமையாக்குங்கள். வழக்கமான உணவுக்கு மேல் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 350 கலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம் சேர்ந்தால் ஏறத்தாழ அவ்வளவு வந்துவிடும். மெலிந்திருக்கும் உங்கள் மகளுக்கு அதற்கு மேலும் தேவை. முட்டை, பருப்பு, நிலக்கடலை, கீரை ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். அடுத்த பரிசோதனைவரை காத்திராமல் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டி, குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

மருமகளைப் பொறுத்தவரை, அந்த 350 கலோரிக் கணக்கைப் பார்த்தாலே, இரண்டு உயிருக்கு இரண்டு பங்குச் சோறு வேண்டியதில்லை என்பது உங்களுக்கு விளங்கும். கூடுதல் எடையோடு கருத்தரிக்கும் பெண்களுக்குக் கர்ப்ப கால நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்ல, அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் குழந்தை கொழுப்பேறிப் பெருக்கிறது, பிரசவத்தின்போது தோள் சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டாகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடும், ஆனால் இன்சுலின் உடனே அடங்காது. பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தையின் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும் என்பதால்தான், பச்சிளம் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆகவே மருமகளுக்கு நெய்யையும் இனிப்பையும் குறைத்துவிடுங்கள். ஆனால் பட்டினியோ, எடை குறைக்கும் முயற்சியோ இப்போது கூடாது. மருத்துவர் தடை சொல்லாவிட்டால் தினமும் அரை மணி நேரம் நடக்கட்டும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் பரிசோதனை இன்னும் ஆகவில்லை என்றால் உடனே செய்துவிடுங்கள், 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் அது கர்ப்ப கால நீரிழிவு.

இருவரையும் வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் சாப்பிடுவதற்கு முன் நிறுத்து எழுதி வையுங்கள். இனி வாரத்துக்கு மகளுக்கு அரைக் கிலோவும், மருமகளுக்குக் கால் கிலோவைச் சற்றே தாண்டியும் கூடினால் போதும். ஒரே வாரத்தில் எடை திடீரென ஏறி, முகமோ கையோ வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது உணவால் வந்த எடை அன்று. இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். இரவானாலும் பொழுது விடியட்டும் என்று இராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.