ஜப்பானின் நிலத்தெய்வம்: கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானில் பூமிதேவியை வழிபடுகிறார்களாமே, அவள் பௌத்தத் தெய்வமா, ஜப்பானின் பூர்விக மதமான ஷின்டோவின் தெய்வமா?

பதில்: சுவர்ணபிரபாச சூத்திரம் என்ற பௌத்த நூலில், அந்நூல் ஓதப்படும் இடத்தின் மண்ணை வளமாக்குவேன் என்று வாக்களிக்கும் பூமிதேவிதான் ஜப்பானில் 'கென்ரோ ஜிஜின்' என்று வணங்கப்படுகிறாள். ஆனால் சிற்றூர்களில் வெறுமனே 'ஜிஜின்' என்று சொல்லும்போது, அங்கு முன்பே இருந்த மண் தெய்வங்களும் சீனக் கணிப்புமுறையிலிருந்து வந்த தொக்கூஜின் என்ற மண் தெய்வமும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே இரண்டில் ஒன்றைத் தேர்வது, 1868-இல் மெய்ஜி அரசு ஆணையிட்டுச் செய்த ஷின்டோ-பௌத்தப் பிரிவினையைப் பழங்காலத்தின் மீது ஏற்றுவதாகும்.

கேள்வி: தொக்கூஜின் இடம் மாறுவது உண்மையா?

பதில்: நம்பிக்கை அப்படித்தான். வசந்தத்தில் அடுப்பு, கோடையில் வாயில், இலையுதிர்காலத்தில் கிணறு, குளிர்காலத்தில் முற்றம். அவர் தங்கியுள்ள இடத்து மண்ணை அப்பருவத்தில் கிளறலாகாது.

கேள்வி: வீடுகளில் இந்த வழிபாட்டை நடத்தியவர்கள் யார்?

பதில்: கியூஷூ தீவில் பார்வையற்ற துறவிகள் வீடு வீடாகச் சென்று, பிவா என்னும் நரம்பிசைக் கருவியை மீட்டியபடி 'ஜிஜின்கியோ' என்ற நிலத்தெய்வ சூத்திரத்தை ஓதினார்கள். அவர்கள் தெந்தாய் பௌத்தப் பிரிவோடு தொடர்புடையவர்கள். இருப்பினும் அதே வருகையில் அடுப்புத் தெய்வத்தையும் சாந்தப்படுத்துவார்கள். கலப்பு வழிபாட்டை அறிய விரும்புவோர் பெரிய கோயில்களைவிட இவர்களைக் கவனிப்பதே பயன்தரும் என்பது என் கருத்து.

கேள்வி: தொகுஷிமா மாநிலத்தில் நிலத்தெய்வத்துக்காக நிறுவப்பட்ட ஐங்கோணத் தூண்கள் எதைக் குறிக்கின்றன?

பதில்: அமதெராசு, ஒனாமுச்சி, சுகுனாஹிகோனா, உகனோமிதாமா, ஹனியசுஹிமே என்ற ஐந்து தெய்வங்களின் பெயர்கள் பக்கத்துக்கு ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வசந்த, இலையுதிர்காலச் சமஇரவு நாள்களை ஒட்டிவரும் 'ஷானிச்சி' நாளில், உழவர்கள் மண்ணைத் தொடாமல் இத்தூண்களின் முன் கூடுவார்கள். ஐந்தும் ஷின்டோ பெயர்களே. இத்தகைய தூண்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிறுவப்படத் தொடங்கியதால், பௌத்தத்தை விலக்கும் போக்கு மெய்ஜி ஆணைக்கு முன்பே முளைவிட்டிருந்தது எனலாம்.

கேள்வி: இன்று கட்டடம் கட்டும்போது செய்யும் பூசை மதச்சடங்கு ஆகாதா?

பதில்: 'ஜிச்சின்சாய்' எனப்படும் அச்சடங்கில் நான்கு மூங்கில்களை நட்டு, புனிதக் கயிறு கட்டி, நிலத்தெய்வத்தின் அனுமதியைக் கேட்பார்கள், பௌத்தத் துறவிகளும் தங்கள் முறைப்படி இதைச் செய்வதுண்டு. 1965-இல் த்சு நகராட்சி தன் உடற்பயிற்சிக் கூடத்துக்காகப் பொதுப்பணத்தில் இதை நடத்தியது, அரசு மதச்சடங்குக்குச் செலவிடலாமா என்ற நீதிமன்ற வழக்காயிற்று. 1977-இல் உச்ச நீதிமன்றம் இதை உலகியல் வழக்கம் என்று ஏற்றுக்கொண்டது. 15 நீதிபதிகளில் 5 பேர் உடன்படவில்லை. தெய்வத்தைப் பெயர்சொல்லி அழைக்கும் சடங்கு என்பதால் எனக்கு அந்த ஐவரின் கருத்தே பொருத்தமாகப் படுகிறது.